விக்டரி குழு, இடமிருந்து வலம்

பிப்ரவரி 5, திங்கள்

இன்று வேலை தொடங்கியது. தங்கபுஷ்பம் டீச்சர் வீட்டு முன்னறையில் மேஜை, ஸ்கேனர், பெங்களூரில் இருக்கும் அவருடைய அண்ணன் மகன் அனுப்பிய லேப்டாப். விக்டரி மகளிர் ஹாக்கி குழு, கோவில்பட்டி. ஐம்பது வருடத்துக்கு முன் தொடங்கி, மூன்று நாலு வருடம் ஆடிவிட்டுக் கலைந்துபோன குழு. டீச்சர்தான் கேப்டன். பழைய ஆட்டக்காரிகள் மார்ச் பத்தாம் தேதி ஒன்றுகூடுகிறார்கள். அன்று இணையத்தில் படக்காட்சி திறக்க வேண்டும். வலைத்தளத்தை அண்ணன் மகன் பார்த்துக்கொள்கிறார். படங்களை ஸ்கேன் செய்து, தூசியும் கீறலும் எடுத்து, கோணல் நிமிர்த்தி, கீழே பெயர் எழுதிக் கொடுப்பது என் வேலை.

மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன். வலது மணிக்கட்டு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. படியில் விழுந்தது.

"திருப்பூர்லயும் இதே வேலைதானா?" என்று டீச்சர் கேட்டார்.

"கல்யாண ஆல்பம் பண்ணுவேன் டீச்சர். வீட்டுல இருந்தே."

"அங்க கம்ப்யூட்டர் இருக்கா?"

"இருந்துச்சு. உடைஞ்சு போச்சு."

"எத்தனை நாளு இருப்ப இங்க?"

"வேலை முடியுற வரைக்கும்."

நான் தங்கியிருக்கும் என் அண்ணன் வீட்டிலும் இதையேதான் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

படங்கள் நன்றாகவே இருக்கின்றன. கரையான் இல்லை. சிலவற்றில் மட்டும் ஆல்பத்தின் பசை மஞ்சளாக இறங்கியிருக்கிறது. ஸ்கேனர் கண்ணாடியை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். இந்தக் கரிசல் ஊரில் ஜன்னலைச் சாத்தினாலும் தூசி எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

ஒரு விஷயம். குழுப் படங்களில் ஒரு முகம் மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது. பூச்சி அரித்ததில்லை. பிளேடு முனையால் செய்தது. எல்லாப் படத்திலும் அதே ஆள்: ஒல்லி, உயரம், ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கேட்கவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

டீச்சரே பேச்சை எடுத்தார்.

"அந்த ஓரத்துல நிக்கிறது. அதை வெட்டிரு."

"ஓரத்துல நிக்கிறதை வெட்டிரலாம் டீச்சர். இதுல நடுவுல உக்காந்திருக்காங்க."

"அழிக்க முடியாதா? நீங்கதான் இப்ப எல்லாம் பண்ணுறீங்களே."

முடியும். செய்தேன். பின்னாலிருந்த சுவரை நகலெடுத்து மேலே இட்டு நிரப்பினேன். சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் பின்வரிசையில் நிற்கும் பெண் அவள் தோளில் கை போட்டிருக்கிறாள். ஆளை எடுத்ததும் கை காற்றில் தொங்கியது. அந்தக் கையையும் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் நேரம் ஆனது.

சாயங்காலம் வீட்டில் மதினி வெங்காயம் உரித்துக்கொண்டே, "உங்க அண்ணன் கேக்காக, திருப்பூருக்கு எப்ப டிக்கெட் போடணும்னு" என்றாள். மார்ச் பத்துக்குப் பிறகு என்றேன். "மாப்பிள்ளை தெனமும் போன் பண்ணுதாக. உன் போனைத்தான் நீ எடுக்கவே இல்லையாம்." சார்ஜ் இல்லை என்றேன். அப்போது போன் சுவரில் சார்ஜில்தான் இருந்தது. மதினி அதைப் பார்த்தாள். வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 12, திங்கள்

எஸ்தரம்மா வந்தார். அந்தக் காலத்து கோல்கீப்பர். அறுபத்தைந்து வயது, பெரிய குரல். டீச்சர் வங்கிக்குப் போயிருந்தார். எஸ்தரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"இதுல என் கை எங்க?"

நான் எதுவும் சொல்லவில்லை.

"ஏம்மா, உன்னைத்தான். நான் கையைத் தொங்கப் போட்டுட்டா நின்னேன்? சீனி தோள்ல போட்டிருந்தேன். சீனி எங்க?"

"டீச்சர் எடுக்கச் சொன்னாங்க."

திரையிலிருந்து திரும்பி உட்கார்ந்தார். பிறகு சொன்னார். சீனியம்மாள், லெப்ட் விங், இடது ஓரத்தில் ஓடி ஆடுகிறவள். அந்தப் பக்கம் பந்து போனால் மற்றவர்கள் மூச்சு வாங்க நிற்பார்களாம், அவ்வளவு ஓட்டம். விருதுநகரில் ஃபைனல். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு லாரி டிரைவரோடு போய்விட்டாள். குழுவில் இருந்ததே பதினோரு பேர். பத்துப் பேரோடு இறங்கி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். அதோடு பிள்ளைகளை வீட்டில் விளையாட விடவில்லை. ஒரு வருடத்தில் குழு கலைந்தது.

"ஓடுறதுக்குன்னே பொறந்தவ. ஓடிப் போயிட்டா" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே அது பிடிக்கவில்லை போல. "லாரி டிரைவர்னு தங்கக்கா சொன்னாக. நான் பாக்கல" என்று சேர்த்துக்கொண்டார்.

போகும்போது பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே நெகடிவ் சுருள். படம் எடுத்தவர் அப்போதே கொடுத்தாராம். பிரிண்ட் போடாமலே இத்தனை வருடம் கிடந்திருக்கிறது.

பிப்ரவரி 13, செவ்வாய்

போன் வந்தது. எடுக்கவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

நெகடிவ் பெரிய அளவு. அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவில் எடுத்தது. இப்படிப்பட்ட நெகடிவில் நிறைய விவரம் இருக்கும், அஞ்சலட்டை அளவுக்குப் பிரிண்ட் போட்டால் தெரியாது. உயர்ந்த அளவில் ஸ்கேன் செய்தேன். பூஞ்சை கொஞ்சம்தான்.

ஐந்தாவது படம், ஃபைனலுக்கு முன்னால் எடுத்தது. பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். யாரோ விருந்தினர் கை கொடுத்துக்கொண்டு வருகிறார். எல்லோரும் விருந்தினரைப் பார்க்கிறார்கள். வலது கோடியில் கேப்டன். அவர் மட்டும் வலது பக்கம் திரும்பி வேறு எங்கோ பார்க்கிறார். அந்தப் பக்கம் கம்பிவேலி. வேலிக்கு வெளியே கூட்டம்.

தூசி எடுக்கப் பெரிதாக்கி, இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போனேன். வேலியில் ஒரு பெண். பட்டுச்சேலை, கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, தலை நிறையப் பூ. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருக்கிறாள். இரண்டு பக்கமும் நெருக்கமாக இரண்டு ஆண்கள். ஒரு தோள் இறங்கியிருக்கிறது.

கீழே நகர்த்தினேன். சேலைக் கரையை ஒரு சாண் தூக்கிச் செருகியிருக்கிறாள். காலில் கேன்வாஸ் ஷூ. கயிறு இறுக்கிக் கட்டியிருக்கிறது. இரண்டு முடிச்சு.

தூசி எல்லாம் எடுத்து முடித்துச் சேமித்தேன். அந்த இடத்தில் மட்டும் எதையும் தொடவில்லை.

பிப்ரவரி 17, சனி

எஸ்தரம்மா வீட்டுக்குப் போய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தைப் பார்த்ததும் "சீனிதான்" என்றார். ஷூவைக் காட்டினேன்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான்தான் போய் அணைத்தேன்.

"ஆட வந்திருக்கா" என்றார் கடைசியில். "கல்யாணம் முடிச்சு வச்சிருக்கானுக அவ அண்ணன்மாரு. இந்த ரெண்டு பேரும் அவனுகதான். அப்பவும் ஷூ மாட்டிக்கிட்டு வந்திருக்கா." பிறகு விரலைத் திரையின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனார். "தங்கக்கா பாத்திருக்காக."

நான் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மதினிக்குக் காய் வாங்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

டீச்சரிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் தளத்தில் ஏறும் ஒவ்வொரு படத்தையும் அவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

"யாரு குடுத்தா?"

"எஸ்தரம்மா."

"வேலிப் பக்கத்தை வெட்டிரு. ஆட்டக்காரங்க மட்டும் போதும்."

"வெட்டினா நீங்க எதைப் பாக்கீங்கன்னு தெரியாது டீச்சர். சும்மா திரும்பி நிக்கிற மாதிரி இருக்கும்."

"நான் எதையும் பாக்கல. போட்டோவுல எல்லாரும் எதையோ பாக்குற மாதிரிதான் இருக்கும்."

சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சொன்னேனே, கையையும் சேர்த்து எடுத்தேனே. இன்று வாய் வரவில்லை. "இதை வெட்ட மாட்டேன் டீச்சர்" என்றேன். இப்படி யாரிடமாவது சொல்லி எத்தனையோ காலம் ஆகிறது. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"அப்ப நாளைல இருந்து வர வேண்டாம்" என்றார்.

ஸ்கேனரை மூடி, மேலே துணி போர்த்திவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 21, புதன்

வீட்டில் இருந்தேன். துணி துவைத்தேன். இடது கையால் பிழிய வராது. மதினி வந்து வாங்கிப் பிழிந்தாள்.

வேலை நின்றது அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. "அதான் வேலை இல்லையே. மாப்பிள்ளையை வரச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை வாராரு. கூட நாலு வார்த்தை பேசி அனுப்பி வச்சிருவோம்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போனவன். "கோபத்துல ஒரு தடவை நடந்துருச்சு. மனுசன்தான?" என்றான்.

ஒரு தடவை என்று அவனிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் எதுவும் சொன்னதில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

டீச்சர் ஆள் அனுப்பினார். போனேன். ஸ்கேனர் மேல் துணி அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை, ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

"எனக்கு இருபத்தோரு வயசு. ஒம்பது பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்திருந்தேன். ராத்திரிக்குள்ள பத்திரமா ஊர் கொண்டு சேக்கணும். அவ அண்ணன் வந்து சொன்னான், இவ கோட்டுக்கு உள்ள கால் வச்சா ஆட்டம் நடக்காது, ரத்தம்தான் நடக்கும்னு. இடுப்புல என்ன வச்சிருந்தான்னு சட்டைக்கு மேலயே தெரிஞ்சுது."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவ கூப்பிடல. கத்தல. என்னையே பாத்துட்டு இருந்தா. நான் ஒரு சொல்லு சொன்னா வேலியைத் தாண்டிருப்பா, தாண்டக்கூடியவதான். நான் தலையை ஆட்டினேன். வராதேன்னு. அப்புறம் விசில் எப்ப ஊதுவாங்கன்னு பாத்துட்டு நின்னேன்."

"லாரி டிரைவர்னு?"

"பிள்ளைக கேட்டாளுக. என்னமோ சொல்லணும்ல."

நான் கேட்காமலே சொன்னார். "ஆல்பத்தைத் தொறந்தா ஒவ்வொரு படத்துலயும் என்னையே பாக்கா. அதான் அப்படிப் பண்ணினேன்."

பிறகு, "அவ உசுரோட இருக்காளான்னு எஸ்தர்கிட்ட விசாரி. இருந்தா அவகிட்டக் கேளு. வெட்டச் சொன்னா வெட்டு. போடச் சொன்னா போடு" என்றார். என்னிடம் துணியை எடுக்கச் சொன்னார். வேலையைத் தொடர்ந்தேன். சுவரை இட்டு நிரப்பிய படத்தை அழித்துவிட்டு, எஸ்தரம்மாவிடம் இருந்த, சுரண்டாத பிரதியை வாங்கி ஸ்கேன் செய்தேன். கை திரும்பி வந்தது.

பிப்ரவரி 23, வெள்ளி

எஸ்தரம்மா எப்படியோ விசாரித்து நம்பர் வாங்கிவிட்டார். சாத்தூர் பக்கம் ஒரு ஊரில் மாவு மில் வைத்திருக்கிறாராம். நான் பேசினேன். பின்னால் கிரைண்டர் சத்தம், அதனால் இரண்டு பேருமே கத்த வேண்டியிருந்தது.

"எந்த டீச்சர்? அந்த தங்கபுஷ்பமா? அவளா பேசச் சொன்னா?"

"ஆமாம்மா. ஒரு படம் இருக்கு. நீங்க பாத்துச் சொன்னாத்தான் போடுவோம்."

"என்ன படம்?"

"ஃபைனல் அன்னைக்கு எடுத்தது. நீங்க வேலியில நிக்கிறீங்க."

கிரைண்டர் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழமை வா" என்றார். "மத்தியானம் ஆள் குறைவா இருக்கும்."

ஞாயிறு அன்று வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலை பஸ்சில் போனேன். வேலை விஷயமாகச் சாத்தூர் போகிறேன் என்று மதினியிடம் மட்டும் சொன்னேன். மதினி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "நான் தூங்கிட்டு இருந்தேன், எனக்குத் தெரியாது" என்றாள். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் வைத்துக் கொடுத்தாள்.

மில் ஊர் நுழைவிலேயே இருக்கிறது. ஈர மாவு அரைப்பதற்கு இரண்டு கிரைண்டர், மிளகாய்க்கும் கோதுமைக்கும் தனி மிஷின். சீனியம்மாள் இப்போதும் ஒல்லி, உயரம். புருவத்திலும் மாவு. தோளைப் பார்த்தேன். இறங்கித்தான் இருக்கிறது.

ஆள் குறைந்ததும் மோட்டாரை நிறுத்தினார். கையைக் கழுவி முந்தியில் துடைத்துக்கொண்டு வந்தார். படத்தைத் திறந்து காட்டினேன். முகத்தை அவர் பெரிதாகப் பார்க்கவில்லை. "கீழ கொண்டு போ" என்றார். ஷூ வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"தெரியுதே" என்றார். "நான் யாருக்கும் தெரியலன்னுல்ல நெனச்சேன்."

பிறகு தானாகவே பேசினார். கல்யாணம் முடிந்த மறுநாள். விருதுநகர் மாரியம்மன் கோயிலுக்கு நேர்த்தி என்று அடம்பிடித்துக் கிளம்பியிருக்கிறார். மாப்பிள்ளையும் அண்ணன்மாரும் கூட. சாமி கும்பிட்டுவிட்டுக் கடைத்தெருக் கூட்டத்தில் நழுவி, மைதானத்துக்கு ஓட்டம்.

"சேலைக்கு உள்ள டிராயரும் ஜெர்சியும் போட்டிருந்தேன். கோயில்ல வெந்து செத்தேன். வேலிக்கிட்ட வந்து சேலையை உருவப் போகையில பின்னாலயே வந்து பிடிச்சுட்டானுக."

"டீச்சர் தலையை ஆட்டினேன்னு சொன்னாங்க."

"அதை அவளே சொன்னாளா?"

"ஆமா."

யோசித்தார். "அவ தலையை ஆட்டலேன்னாலும் நான் உள்ள போயிருக்க முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனா அவ பாத்துட்டு, உடனே திரும்பிக்கிட்டா பாரு. அதைத்தான் நான் சாத்தூர் வர்ற வரைக்கும் நெனச்சுக்கிட்டே வந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பாத்திருக்கலாம்."

புருஷன் எப்படி என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "நல்ல மனுசன். மூணு வருசம் ஆச்சு போய்ச் சேந்து. ஷூவை மட்டும் அன்னைக்கே கெணத்துல போட்டுட்டாரு. அதுக்கு அப்புறம் ஒண்ணும் சொன்னதில்ல."

அடுத்த படத்துக்கு மாற்ற இடது கையை நீட்டினேன்.

"வலது கைக்கு என்ன?"

"படியில விழுந்துட்டேன்."

என் கையை எடுத்து மெல்ல ஒரு பக்கம் திருப்பினார். நான் பல்லைக் கடித்தேன். "விழுறவ உள்ளங்கையை ஊணுவா. இது ஊணுன கை இல்ல. திருகுன கை."

கையை இழுத்துக்கொண்டேன். "அடுத்த படம் இருக்கா?" என்றார். காட்டினேன்.

கிளம்பும்போது, "படத்தை என்ன பண்ணட்டும்மா?" என்று கேட்டேன்.

"போடு. எம் பேரையும் போடு. வேடிக்கை பாக்க வந்தவன்னு போட்டுறாத. லெப்ட் விங்குன்னு போடு. ஷூ மாட்டித்தான நிக்கேன்."

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. என் வீட்டுக்காரர் இசக்கிராஜ் காலையிலேயே வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்து, லாட்ஜுக்குப் போயிருக்கிறார். அண்ணன் என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

எட்டு மணிக்கே டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டேன். பதினோரு மணி வாக்கில் பைக் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணனும் இசக்கிராஜும். டீச்சர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பேசியது எல்லாம் கேட்டது.

"டீச்சர், மாரிக்கனியைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. மாப்பிள்ளை வந்திருக்காக."

"வேலையா இருக்கா."

"குடும்ப விசயம் டீச்சர்."

டீச்சர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். திரும்பாமலே குரல் கொடுத்தார். "மாரிக்கனி, வெளிய வாரியா?"

நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் வந்தேன். அங்கிருந்து அவருடைய முதுகு தெரிந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்.

"வரல டீச்சர்."

"காதுல விழுந்துச்சா?" என்றார் அவர்களிடம்.

இசக்கிராஜ், "எம் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போக நான் யார்கிட்டக் கேக்கணும்?" என்று கேட்டைத் தள்ளினார். டீச்சர் கொண்டியைப் போட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அவகிட்டக் கேக்கணும். கேட்டாச்சு. வரலன்னுட்டா."

"டீச்சர், உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றான் அண்ணன்.

"காளிராஜ், நீ என்கிட்டப் படிச்சவன். கேட்டுல இருந்து அவர் கையை எடுக்கச் சொல்லு."

இசக்கிராஜ் எடுக்கவில்லை. ஏதேதோ சொன்னார். டீச்சரையும் திட்டினார். எதிர் வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். டீச்சர் முழங்கால் வலிக்காரர், அதிகம் நிற்க மாட்டார். நின்றார். இசக்கிராஜ் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அண்ணன்தான், "வாங்க மாப்பிள்ளை" என்று தோளைப் பிடித்து இழுத்தான். பைக் போனது.

டீச்சர் உள்ளே வந்து உட்கார்ந்தார். "தண்ணி கொண்டா" என்றார். கொடுத்தேன். பாதி சேலையில் சிந்தியது.

"மாடி ரூம் சும்மாதான் கெடக்கு" என்றார். "ஒட்டடை அடிக்கணும்."

மார்ச் 2, சனி

மாடியில் இருக்கிறேன். மதினி என் பையைத் தெருமுனை வரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு சரியாகக் கூடவில்லையாம், கட்டுப் போட்டார்கள். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். போலீசில் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சொல்ல வேண்டும் என்றேன்.

சாயங்காலம் படங்களுக்கெல்லாம் ஒரே அளவு வைத்தேன். நிறம் மங்கியவற்றைக் கொஞ்சம் தூக்கினேன். அதிகம் தூக்கவில்லை, பழையது பழையதாகத் தெரிய வேண்டும்.

மார்ச் 6, புதன்

பெயர்கள் எழுதி முடிந்தன. ஃபைனல் படத்துக்கு டீச்சர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இடமிருந்து வலமாகப் பத்துப் பெயர். பத்தாவது அவருடையது. நிறுத்தினார். பிறகு, "வேலிக்கு அந்தப் பக்கம், சீனியம்மாள், லெப்ட் விங்" என்றார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

இசக்கிராஜின் வக்கீல் பேசினார். என் வக்கீலிடம் பேசுங்கள் என்றேன். எனக்கு இன்னும் வக்கீல் இல்லை. எஸ்தரம்மா யாரையோ பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 10, ஞாயிறு

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் நடந்தது. ஏழு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் வெளிநாட்டில். சீனியம்மாள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மில்லை மூட முடியாது என்று சொல்லிவிட்டார்.

சுவரில் படங்கள் ஓடின. சத்தமும் சிரிப்புமாகத்தான் இருந்தது, யார் எவ்வளவு ஒல்லியாக இருந்தாள் என்று. ஃபைனல் படம் வந்ததும் ஒருத்தி பெயர்களை உரக்கப் படித்தாள். கடைசிப் பெயரில் குரல் இறங்கியது. "சீனி ஷூ போட்டிருக்கா பாருங்கடி" என்றாள் இன்னொருத்தி.

டீச்சர் எழுந்தார். பேசப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அவ லாரி டிரைவரோட போகல" என்றார். "நான் சொன்னது பொய்."

உட்கார்ந்துவிட்டார். எஸ்தரம்மா என்னைப் பார்த்து, அடுத்த படத்தைப் போடு என்று சைகை செய்தார்.

மார்ச் 19, செவ்வாய்

காலையில் சீனியம்மாள் போன் செய்தார். பின்னால் கிரைண்டர் ஓடியது.

"ஏம்மா, நேத்து யாரு வந்தா தெரியுமா? தங்கக்கா வந்தாக."

டீச்சர் நேற்று வெளியே போய்விட்டு ஏழு மணிக்குத்தான் வந்தார். எங்கே என்று சொல்லவில்லை.

"நான் கவனிக்கவே இல்ல. நல்ல கூட்டம். வரிசையில ஒவ்வொருத்தரா வாங்கிப் போட்டுக்கிட்டே வாரேன். ஒரு தூக்குவாளி வருது, ஊற வச்ச அரிசி. நிமிந்து பாத்தா தங்கக்கா. கோவில்பட்டியில கிரைண்டரே இல்லாத மாதிரி, பஸ்சுல தூக்கிட்டு வந்திருக்காக. சேலை முழுக்கத் தண்ணி."

"என்ன பேசுனீங்க?"

"என்ன பேச? பின்னால ஆள் நிக்கே. உளுந்து எங்கன்னேன். மறந்துட்டேன்னாக. என்கிட்ட இருந்த உளுந்தைப் போட்டு அரைச்சுக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு, ஓரமா அந்த மூட்டை மேல உக்காந்துட்டாக. கூட்டம் போற வரைக்கும் உக்காந்திருந்தாக. கடைசி பஸ்சுக்கு நேரமாச்சுன்னு நான்தான் எழுப்பி விட்டேன்."

யாரோ கூப்பிட்டார்கள். இருங்க என்று அவர்களிடம் சொல்லிவிட்டு மறுபடி வந்தார்.

"மாவு எத்தனை நாளு தாங்கும்னு கேட்டாக. ஒரு வாரம்னேன். அப்ப வர்ற திங்கக்கெழமை வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காக. அவுககிட்டச் சொல்லு, உளுந்தை மறக்காமக் கொண்டாரச் சொல்லு."